கோழி வருடத்து அண்ணன்

எனக்குத் தலைகளைத் தெரியும், பெயர்களைத் தெரியாது. தாப்கொல் பூங்காவின் பின்மதிலை ஒட்டிய சந்தில் பத்தொன்பது வருடமாக முடி வெட்டுகிறேன். என் நாற்காலியில் உட்காருகிறவர்கள் எல்லோரும் அறுபத்தைந்தைத் தாண்டிய ஆண்கள். சாயம் பூசிக்கொண்டு, கண்ணாடியில் இரண்டு தரம் முகத்தைத் திருப்பிப் பார்த்துவிட்டு, வயது குறைந்துவிட்டதாக நம்பிப் போகிறவர்கள். எந்தத் தலையில் எந்தப் பக்கம் தழும்பு, எந்தப் பிடரியில் மச்சம் என்று கேளுங்கள், கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். பெயர் கேட்டால் முழிப்பேன்.

அவர்களும் ஒருவரை ஒருவர் பெயர் கேட்டுக்கொள்வதில்லை. கிம் மேனேஜர், சோய் ஹெட்மாஸ்டர், கண்ணாடிக்கார இம் ஐயா, அவ்வளவுதான். வயதான மனிதரிடம் முழுப்பெயர் கேட்பது போலீஸ்காரன் செய்கிற வேலை. ஆனால் எந்த வருடம் பிறந்தவர் என்பதை மட்டும் முதல் நிமிடத்திலேயே கேட்டுவிடுவார்கள். எங்கள் பஞ்சாங்கத்தில் பன்னிரண்டு வருடச் சுற்றில் ஒவ்வொரு வருடத்துக்கும் ஒரு மிருகம்: எலி வருடமா, புலி வருடமா, நாய் வருடமா? அது தெரியாமல் யாருக்கு 'ங்க' போடுவது, யாரை 'டா' போடுவது?

பியோ ஐயா நாய் வருடம். முப்பத்து நான்கு வருடம் லிஃப்ட் மெக்கானிக்காக இருந்தவர். இந்த ஊரில் உயரமான கட்டடம் எதைக் காட்டினாலும், "அதோட வயித்துக்குள்ள நான் போயிருக்கேன்" என்பார். கேட்கச் சிரிப்பாக இருக்கும், ஆனால் யோசித்தால் சிரிப்பு நின்றுவிடும். ஒரு மனிதன் தன் வாழ்நாளில் பாதியை இருட்டுக் குழிக்குள், கையில் விளக்கோடு, தனியாகக் கழித்திருக்கிறான். மேலே ஆட்கள் பொத்தானை அழுத்திக்கொண்டே நின்று அவரைத் திட்டியிருக்கிறார்கள்.

அவருடைய மனைவி சந்தையில் பொத்தான் கடை வைத்திருந்தவள். அவள் போய்ப் பதினோரு வருடம். ஒரே மகள் கியோங்-ரான் தெற்கே சாங்வொனில் இருக்கிறாள். ஞாயிற்றுக்கிழமை போன் வரும். சாப்பிட்டீங்களா, உடம்பு எப்படி, வீட்டுல கதகதப்பா இருக்கா? மூன்று கேள்வி, மூன்று பதில். "நல்ல பொண்ணு. ஒரு நிமிஷத்துல முடிச்சிடுவா" என்று அவரே பெருமையாகச் சொல்வார். எனக்கு அந்தப் பெண்ணைப் பிடித்துக் குலுக்க வேண்டும் போலிருக்கும்.

சுயுவில் இருக்கிற வீட்டைப் பூட்டிக்கொண்டு தினமும் காலை ஒன்பது மணிக்கு மெட்ரோ ஏறி வந்துவிடுவார். பூங்காவுக்குள் ஒரு சுற்று. கண்ணாடிப் பெட்டிக்குள் நிற்கிற கல்கோபுரத்தின் முன்னால் ஒரு நிமிடம் நிற்பார். "எத்தனை நூறு வருஷம் வெயில்ல மழையில நின்னது. இப்பத்தான் அதுக்கு ஒரு ரூம் கெடைச்சிருக்கு, அதுவும் ஒத்தையா" என்பார். அப்புறம் எண்கோண மண்டபத்தின் படியில் கொஞ்ச நேரம். அதன் பிறகு மதிலுக்கு வெளியே வந்து சதுரங்கப் பலகைகள் போட்டிருக்கும் இடத்தில் உட்கார்ந்துவிடுவார். மாலை வரை அங்கேதான்.

ஒன்பது வருடத்துக்கு முன்னால் அங்கேதான் பாங் என்கிறவர் வந்து எதிரே உட்கார்ந்தார். அன்றைக்கு நான் மதில் ஓரம் துண்டு உலர்த்திக்கொண்டிருந்தேன், என் காதாலேயே கேட்டேன்.

"என்ன வருஷம்?" என்றார் பாங். வணக்கம்கூட இல்லை.

"நாய்ங்க."

"நான் கோழி. நாப்பத்தஞ்சுல, நாடு விடுதலையான வருஷம் பொறந்தவன். ஒரு வயசு மூத்தவன். அப்ப நான்தான் அண்ணன், என்ன?"

சொல்லிக்கொண்டே சிவப்புக் காய்களைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டார். எங்கள் சதுரங்கத்தில் சிவப்பு மூத்தவருக்கு, நீலம் இளையவருக்கு. பியோ ஐயா மறுபேச்சு இல்லாமல் நீலக் காய்களை அடுக்கினார். அன்றோடு முடிந்தது. ஒன்பது வருடம் அவர் நீலம்தான்.

பாங் ஒரு பேர்வழி. குரல் வெண்கலக் கடை. காயை நகர்த்திவிட்டுத் திரும்ப எடுப்பார். கேட்டால், "அண்ணன் விரலை இன்னும் எடுக்கலைடா" என்பார். தோற்றால் பலகை சாய்வாக இருக்கிறது என்பார். காப்பி இயந்திரத்துக்குப் போய் வருவது தம்பி, குளிரில் உட்கார அட்டை கொண்டுவருவது தம்பி, இலவசச் சாப்பாட்டு வரிசையில் இடம்பிடிப்பது தம்பி. எனக்கே எரிச்சலாக வரும்.

"ஏன்யா இந்த ஆளுக்கு இவ்வளவு ஊழியம் பண்றீங்க?" என்று ஒருநாள் சாயம் பூசும்போது கேட்டேன்.

"அண்ணன்னு சொல்ல ஒரு ஆள் வேணுமில்ல, யோம் அம்மா. வீட்டுல யாரை அண்ணங்கறது? ஃபிரிட்ஜையா?" என்றார்.

போன கார்த்திகை வாக்கில், மதிலோரத்து மரமெல்லாம் மஞ்சளாகிக் கொட்டிக்கொண்டிருந்தபோது, பாங் வரவில்லை. முதல் நாள் பியோ ஐயா சளிக் காய்ச்சலாக இருக்கும் என்றார். மூன்றாம் நாள் கோபமாக இருக்கும் என்றார். ஐந்தாம் நாள் பலகையை விரித்து எதிர்ப்பக்கம் சிவப்புக் காய்களை அடுக்கி வைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். வேறு யாராவது வந்தால், "ஆள் வருது" என்று கையைக் காட்டினார். சோய் ஹெட்மாஸ்டர், "வர்ற ஆளு மதிய சாப்பாட்டுக்காவது வருமா?" என்று கிண்டல் பண்ணினார். பியோ ஐயா எழுந்து பலகையை மடித்துக்கொண்டு என் கடைக்கு வந்துவிட்டார்.

"பாங் அண்ணன் முடி வெட்ட வந்தாரா?"

"வந்தா சொல்ல மாட்டேனா? போன் பண்ணிப் பாக்க வேண்டியதுதானே."

"நம்பர் இல்ல."

"வீடு எங்க?"

"தோனுய் சந்துல எங்கயோ. கூட வரவேணாம்னுடுவாரு."

"சரி, முழுப்பேரு என்ன?"

அவர் தன் கையைப் பார்த்தார். எனக்கு வந்த கோபத்தில் கத்தரிக்கோலை மேசையில் போட்டேன்.

"ஒன்பது வருஷம்! ஒரே பலகைல மூஞ்சிக்கு மூஞ்சி! என்னத்தைத்தான் பேசுனீங்க ரெண்டு பேரும்?"

"எல்லாத்தையும் பேசினோம்மா. என் பொண்டாட்டி எப்படிச் செத்தான்னு உலகத்துல அவருகிட்ட மட்டுந்தான் சொல்லியிருக்கேன்," என்றார். "பேரு மட்டும் கேக்கல. அண்ணனோட பேரை எப்படிக் கேக்கறது?"

இன்னும் ஒரு வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு வட்டார அலுவலகத்துக்குப் போனார். பெயரும் பிறந்த தேதியும் இல்லாமல் எப்படித் தேடுவது என்று அனுப்பிவிட்டார்கள். அவர்கள் சொன்னதிலும் தப்பில்லை. பாங் என்ற குடும்பப் பெயரில் இந்த ஊரில் ஆயிரக்கணக்கான பேர். மறுநாள் தோனுய் சந்தில் அவரே வீடு வீடாக விசாரித்தார். எழுபத்தெட்டு வயது மாதிரி, நடுத்தர உயரம், சத்தமாகப் பேசுவார் என்று கேட்டிருக்கிறார். அந்தச் சந்தில் பாதிப் பேர் அப்படித்தான். புகைப்படம் ஒன்றுகூட இல்லை.

சாயங்காலம் கடைவாசலில் வந்து நின்றார். மூக்கு நுனி சிவந்திருந்தது. "கண்டுபிடிக்க முடியல" என்றார், அவ்வளவுதான். அவர் அப்படிச் சொன்ன குரலை நான் மறக்க மாட்டேன். மனைவி செத்தபோதுகூட முகவரி தெரியும், எந்த மருத்துவமனை, எந்தக் கட்டில் என்று தெரியும். இந்த ஆள் அப்படியே காற்றில் போய்விட்டார்.

கடையைச் சாத்திவிட்டு நானும் அவரோடு கிளம்பினேன். எனக்கு இரக்கம் என்று நினைத்துவிடாதீர்கள். இவர் அடையாளம் சொல்கிற லட்சணத்தைக் கேட்டு வந்த எரிச்சல்தான். ஆளைத் தேடுவதென்றால் தலையைச் சொல்ல வேண்டும்.

தோனுய் சந்து என்பது நாலடி அகலம். இரண்டு பக்கமும் கதவுகள். ஒவ்வொரு கதவுக்குப் பின்னாலும் காலை நீட்டினால் சுவர் இடிக்கிற அறைகள். மூன்று வீடுகளில் இல்லை. நான்காவது வீட்டில் வீட்டுக்காரம்மா முட்டைக்கோஸ் கழுவிக்கொண்டிருந்தாள்.

"உச்சந்தலைல ரெட்டைச் சுழி," என்றேன். "ஒண்ணு வலப்பக்கம் சுத்தும், ஒண்ணு இடப்பக்கம். இடது காதுக்குப் பின்னாடி தையல் போட்ட தழும்பு."

அவள் கையைத் துடைத்துக்கொண்டாள். "ரெட்டைச் சுழி பாங்கா? ரெட்டைச் சுழிக்காரனுக்கு ரெண்டு கல்யாணம்னு சொல்வாங்க, எனக்கு ஒண்ணுகூட ஆகலையேன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரே. போயிட்டாரும்மா. பன்னெண்டு நாள் ஆச்சு. நெஞ்சு வலின்னு ஆம்புலன்ஸ்ல ஏத்துனோம், ரெண்டாம் நாள் ஆஸ்பத்திரிலேயே முடிஞ்சிருச்சு."

பியோ ஐயா நின்றுகொண்டேதான் இருந்தார்.

"சொந்தம்னு யாருமில்ல," என்று அவள் தொடர்ந்தாள். "சண்டைக் காலத்துல குப்பைத்தொட்டிகிட்ட கெடந்து, அனாதை ஆசிரமத்துல வளந்த மனுஷன். ஆனா வாய்க்கு வாய் என் தம்பி, என் தம்பிம்பாரு. தினம் காப்பி வாங்கித் தருவான், பொழுதுக்கும் கூட உக்காந்திருப்பான்னு. வண்டில ஏத்தறப்பகூட, என் தம்பிகிட்ட சொல்லுங்க, பார்க்குல இருப்பான்னாரு. தம்பி பேரு என்னன்னு கேட்டேன். முழிச்சாரு. பியோ, பியோன்னு ரெண்டு தரம் சொன்னாரு. அதுக்கு மேல அவருக்கும் தெரியல. ஆஸ்பத்திரில பதிவேட்டைப் பாத்துட்டு, இவருக்குத் தம்பியே கிடையாது, பிதற்றியிருப்பாருன்னுட்டாங்க."

நான் பியோ ஐயாவின் முழங்கையைப் பிடித்துக்கொண்டேன்.

கேட்க ஆளில்லாத உடல் என்று நகராட்சியே எடுத்துக்கொண்டிருக்கிறது, வியாழக்கிழமை தகனம். வீட்டுக்காரம்மா உள்ளே போய் அறிவிப்புத் தாளைக் கொண்டுவந்து கொடுத்தாள். பாங் கி-தேக் என்று போட்டிருந்தது. அப்போதுதான் எங்கள் இருவருக்கும் அந்தப் பெயர் தெரிந்தது. பியோ ஐயா கண்ணாடியை மாட்டிக்கொண்டு பெயரை வாய்க்குள் சொல்லிப் பார்த்தார். பிறகு அதன் கீழே இருந்த பிறந்த வருடத்தைப் பார்த்தார். அவர் முகம் மாறியது.

"இது தப்பு. நாப்பத்தி ஒம்பதுன்னு போட்டிருக்கு. அவரு நாப்பத்தஞ்சு. கோழி."

"தப்பில்லீங்க," என்றாள் வீட்டுக்காரம்மா. "மாட்டு வருஷந்தான். எழுபது முடிஞ்ச பொறந்த நாளுக்கு நான்தானே கடல்பாசி சூப்பு வெச்சுக் குடுத்தேன். நாலு வருஷந்தான் ஆவுது."

சந்தின் முனைக்கு வந்ததும் அவர் வெடித்தார்.

"என்னைவிட மூணு வயசு சின்னப்பய! ஒன்பது வருஷம் அண்ணே அண்ணேன்னு காப்பி தூக்கியிருக்கேன். பனில அட்டை தூக்கியிருக்கேன். சிவப்புக் காயை ஒரு நாள், ஒரே ஒரு நாள் தொட்டதில்ல நான்! அவன் என்னை டா போட்டான், யோம் அம்மா! எழுபத்தேழு வயசு ஆளை!"

"செத்தவரைப் போய்..."

"செத்தாலும் திருட்டுத்தனம் திருட்டுத்தனந்தான். நான் வரல. எந்தத் தகனத்துக்கும் வரல."

விறுவிறு என்று மெட்ரோ படியில் இறங்கிப் போய்விட்டார். வெளிநாட்டுக்காரர்கள் சிரிக்கலாம், மூன்று வயதுக்கு இத்தனை கூத்தா என்று. எங்களுக்கு அது சின்ன விஷயமில்லை. எங்களிடம் வீடு போகும், வேலை போகும், மனைவி மக்கள் போவார்கள். கடைசி வரை கையில் நிற்பது வயது ஒன்றுதான். அதையும் ஒருவன் ஏமாற்றி வாங்கிக்கொண்டால் எப்படியிருக்கும்?

ஆனாலும் எனக்கு அவர்மேல் கோபம்தான் வந்தது. புதன்கிழமை மதிலோரம் போனேன். பலகையை விரித்து, சிவப்புக் காய்களைத் தன் பக்கம் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எதிரே ஆள் இல்லை.

"நாளைக்குப் பத்து மணி," என்றேன்.

"போக மாட்டேன்னு சொன்னேனே."

"அந்த ஆளு சாகறப்ப உங்களைத்தான் கேட்டிருக்காரு. வேற ஒருத்தர் பேரையும் சொல்லல. சொல்றதுக்கு ஒருத்தரும் இல்ல."

"எம் பேரையும் சொல்லலையே," என்றார் அவர். "தெரிஞ்சாத்தானே சொல்லுவான்."

 கடைக்குத் திரும்பி வந்து, ஒரு நல்ல தலையைக் கோணலாக வெட்டி, திட்டு வாங்கினேன்.

வியாழக்கிழமை கடைக்கதவில் விடுமுறை அட்டையைத் தொங்கவிட்டுவிட்டுத் தனியாகவே போனேன். நகருக்கு வெளியே, பேருந்தில் ஒரு மணி நேரம். தகனக் கூடத்தில் ஆளில்லாதவர்களுக்கென்று ஒரு சின்ன அறை உண்டு. மேசையில் பெயர்ப்பலகை, வெள்ளைச் சாமந்தி, ஒரு கிண்ணம் சோறு, சூப்பு, ஆப்பிள், காய்ந்த மீன். படம் வைக்க வேண்டிய சட்டம் வெறுமையாக இருந்தது. தன்னார்வலர்கள் இரண்டு பேர், நகராட்சியிலிருந்து ஒரு சின்னப் பெண். துக்கத்துக்குரியவர் நிற்க வேண்டிய இடத்தில் பியோ ஐயா நின்றுகொண்டிருந்தார்.

பழைய கறுப்புக் கோட்டு. பூச்சி உருண்டை வாசனை என் மூக்கு வரை வந்தது. எனக்கு முன்னாலேயே, எட்டரை மணிக்கே வந்துவிட்டாராம்.

வணக்கம் செலுத்தலாம் என்றார்கள். நான் அவர் காதருகே குனிந்தேன். "ஐயா, உங்களைவிடச் சின்னவரு. விழுந்து கும்பிடக் கூடாது. நின்னு தலை குனிஞ்சாப் போதும்." அதுதான் எங்கள் வழக்கம். மூத்தவர் இளையவர் பிணத்தின் முன் விழுவதில்லை.

அவர் என்னைப் பார்க்கவில்லை. ஒரு குவளை மதுவை ஊற்றி மேசைமேல் வைத்தார். காலணியைக் கழற்றினார். மெதுவாக முழங்காலை மடித்து, கைகளைத் தரையில் ஊன்றி, நெற்றி கைமேல் படுகிற மாதிரி விழுந்தார். எழுந்திருக்க நேரம் பிடித்தது. தன்னார்வலர் ஒருவர் தூக்கிவிடக் கை நீட்டினார், அவர் தட்டிவிட்டார். இரண்டாம் முறையும் விழுந்தார். அந்த முறை எழுந்திருக்கவே இல்லை. விழுந்தபடியே, "அண்ணே," என்றார். "காப்பி ஆறிப்போச்சுண்ணே. எங்க போயிட்டீங்க?"

நான் பார்த்த எத்தனையோ சாவுகளில் இப்படி ஒரு அழுகையைக் கேட்டதில்லை.

பிறகு அந்தப் பெண் படிவத்தைக் கொண்டுவந்தாள். வந்தவர் பெயர், இறந்தவருக்கு என்ன உறவு என்று கேட்டிருந்தது.

"தம்பி," என்றார் பியோ ஐயா.

அவள் அவருடைய அடையாள அட்டையைப் பார்த்தாள், பெயர்ப்பலகையைப் பார்த்தாள். "ஐயா, நீங்க நாப்பத்தாறு. அவரு நாப்பத்தொம்பது. அதோட குடும்பப் பேரும்..."

"நாப்பத்தொம்பதுங்கறது ஆசிரமத்துக்காரன் எழுதுனதும்மா. குப்பைத்தொட்டிகிட்ட கெடந்த புள்ளைக்கு வயசு எவன் கண்டான்? அவரு தன்னைக் கோழின்னு சொன்னாரு. கோழின்னா கோழிதான். எழுது."

 அவள் எழுதினாள். நல்ல பெண், நன்றாக இருக்கட்டும்.

திரும்பி வரும் பேருந்தில் கூட்டமில்லை. பாதி வழி வரை வெளியே பார்த்துக்கொண்டு வந்தவர், "பேனா இருக்கா?" என்றார். கொடுத்தேன். என் கடை விளம்பரச் சீட்டு இரண்டை வாங்கி, ஒன்றின் பின்பக்கத்தில், வண்டி குலுங்குவதால் நிறுத்தி நிறுத்தி எழுதினார். பியோ யோங்-சுல். சுயுவில் வீட்டு முகவரி. மகள் பெயர், மகள் நம்பர்.

"இதைக் கண்ணாடில ஒட்டி வைம்மா. நான் மூணு நாள் வரலைன்னா..."

"வாயைக் கழுவுங்க."

"சரி, நாலு நாள் வரலைன்னா."

சீட்டை வாங்கிப் பைக்குள் போட்டேன். அவர் இன்னொரு சீட்டைத் தொடைமேல் வைத்துக்கொண்டு காத்திருந்தார்.

"உன் பேரு என்னம்மா?"

பத்தொன்பது வருடத்தில் அந்தக் கடையில் ஒருவரும் என்னை அதைக் கேட்டதில்லை.  சொன்னேன், யோம் ஒக்-ஜா என்று.

வீட்டு முகவரியும் கேட்டார், சொன்னேன். யாரிடம் தகவல் சொல்ல வேண்டும் என்று கேட்டார். எனக்கு மகனும் கிடையாது, மகளும் கிடையாது என்றேன்.  அப்புறம் அந்த இடத்தில் தன் பெயரையே எழுதி, சீட்டை மடித்து, கோட்டின் உள்பையில் வைத்துக்கொண்டார். நான் சன்னல் பக்கம் திரும்பிக்கொண்டு, இறங்கும் இடம் வரும் வரை அழுதேன்.